பழைய மூலம், புதிய உரை

எச்சரிப்பவரின் வாயை அடைப்பது மனிதரிடையே அவ்வளவு எளிதன்று. கணிப்பொறியின் வாயை அடைக்கவோ ஒற்றை வரி போதும். அந்த வரியை எழுதியவளை ஆய்வகத்தில் எல்லோரும் சல்லடை என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

நோயாளியின் ரத்தத்தை இயந்திரம் படித்து முடித்ததும் ஆளுக்கு இலட்சக்கணக்கான எழுத்து மாற்றங்கள் தேறும். அவற்றுள் பெரும்பாலானவை மூக்கின் நீளத்தையும் காதின் மடலையும் போல ஆளுக்கு ஆள் வேறுபடுகிற, யாருக்கும் கேடு செய்யாத மாற்றங்கள். அவற்றையெல்லாம் கீழே உதிரவிட்டு, நோய்க்குக் காரணமாகக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் மேலே நிறுத்துவது அவள் எழுதிய நிரலின் வேலை. அதனால் சல்லடை. பெயர் வைத்தவர் இயந்திர அறையைக் கவனித்துக்கொண்ட மூத்த ஊழியர். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்காத அவருக்கு அவள் பதிலுக்கு வைத்த பெயர் ஆமை. அண்ணே, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே இருவரும் நாள் முழுவதும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வார்கள்.

அவர்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நெடும் பனுவல் இருக்கிறது. எழுத்துகளின் எண்ணிக்கை முந்நூறு கோடி. சொல்லிடைவெளி கிடையாது, பத்தி கிடையாது, எங்கே நிறுத்துவார் என்று தெரியாத மேடைப் பேச்சாளரைப் போல அது போய்க்கொண்டே இருக்கும். இந்த இடம்முதல் அந்த இடம்வரை ஒரு மரபணு, இது தசைக்கு உரியது, இது கண்ணுக்கு உரியது, நடுவில் கிடப்பது வெறும் நிலம் என்று அறிஞர் பலர் எழுதிச் சேர்த்த உரைக்குறிப்புகள் இல்லாவிட்டால் அம்மூலத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வுரை முழுவதும் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. சல்லடையின் நிரல் ஓர் இடத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்கும். அவ்விடத்துக்குரிய உரையைத் தரவுத்தளம் திருப்பி அனுப்பும். மாற்றம் எந்த மரபணுவில் விழுகிறது, விழுந்தால் என்ன கெடும் என்பது அதிலிருந்து தெரியும்.

அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. கேள்வி அரைகுறையாக இருந்தால் பதிலோடு ஒரு குட்டும் வைக்கும். "எந்தப் பதிப்பு என்று நீங்கள் குறிப்பிடவில்லை, வழக்கத்திலுள்ள பதிப்பையே கொள்கிறேன்" என்று ஒரு வரி. ஆயிரம் கேள்விக்கு ஆயிரம் குட்டு.

"ஏம்மா, திறந்தா ஒரே ஒப்பாரியா இருக்கு. நடுவுல பதில் எங்க இருக்குன்னே தெரியல. இதை நிறுத்த முடியாதா?" என்று ஒரு நாள் கேட்டார் ஆய்வக மேலாளர்.

"நிறுத்தலாம் சார். ஆனா அது நியாயமாத்தான் கேக்குது. பதிப்புப் பேரைச் சேத்துட்டா தானா அடங்கிரும்."

"வழக்கமான பதிப்பைத்தானே நாமளும் வெச்சிருக்கோம்? பேரைச் சேக்குறேன்னு எதையாவது நோண்டி, ஓடுறதை நிறுத்திராத. வாயை மட்டும் மூடச் சொல்லு."

சொன்னாள். மூடிக்கொண்டது. பதிப்பின் பெயரைச் சேர்க்கவும் ஒரு வரிதான். எச்சரிக்கையை அடைக்கவும் ஒரு வரிதான். இரண்டில் எதை எழுத வேண்டும் என்று தெருவில் போகிற எவரைக் கேட்டாலும் சரியாகச் சொல்லியிருப்பார். பட்டம் பெற்றவர் இருவர் கூடி ஆலோசித்ததால் தவறான வரி எழுதப்பட்டது. அதிலும் கொடுமை, அவ்வரி அந்த ஓர் எச்சரிக்கையோடு நிற்கவில்லை. நிரலுக்குள் இருந்த எல்லா எச்சரிக்கைகளையும் அது ஒருசேர அடைத்தது. கொசு வருகிறதென்று சன்னலைச் சாத்துகிறவன் காற்றையும் சேர்த்தே வெளியில் நிறுத்துகிறான்.

ஒரு கெடுதலும் உடனே நேரவில்லை. மேலாளர் மகிழ்ந்தார். திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

சல்லடைக்கு ஒரு நாத்தனார். கணவனின் தங்கை. வாயாடி என்று பெயரெடுத்தவள். வயிற்றில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். அவளுடைய ஒரே பிள்ளையை வீட்டில் உருண்டை என்று கூப்பிடுவார்கள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. அந்தப் பிள்ளை காய்ச்சல் வந்து, கால்வலி என்று இரண்டு நாள் எழாமல் கிடந்து, எழுந்தபின் விழத் தொடங்கினான். படியில் விழுந்தான். சமதரையில் விழுந்தான். நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ரத்தத்தைப் பார்த்தார். தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறுகிற ஒரு நொதி பலமடங்கு ஏறியிருந்தது. காய்ச்சலால் ஏறியதாகவும் இருக்கலாம். பிறவியிலேயே வந்த தசைச் சிதைவாகவும் இருக்கலாம். ஆண்பிள்ளை வேறு. எதற்கும் மரபணுவைப் பார்த்துவிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஊரில் அதற்கு இருந்தது ஓர் ஆய்வகம். அது சல்லடையின் ஆய்வகம்.

மாதிரி கொடுத்த அன்றே நாத்தனார் தொலைபேசியில் வந்தாள்.

"அண்ணி, நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

"எழுத மாட்டேன். எது யாரோட ரத்தம்னு எனக்குத் தெரியக் கூடாது. அதுதான் விதி."

"விதியா? எங்க வீட்டுப் புள்ளைக்கு விதி எழுதுற இடத்துல உக்காந்துக்கிட்டு எனக்கே விதி சொல்றீங்க. சரி, எழுத வேண்டாம். காதுல மட்டும் வாங்கிக்கோங்க. நாலு, ஒம்பது, நாலு, ஏழு."

"நீ சொன்னது எனக்குக் கேக்கல."

"கேக்கலையா? நாலு ஒம்பது நாலு ஏழு. பாட்டு மாதிரி இருக்குல்ல? கொஞ்சம் பாத்துச் செய்யுங்க அண்ணி."

"பாத்துச் செய்ய இது என்ன பந்தியில பரிமாறுற வேலையா? இருந்தா இருக்குன்னு வரும். இல்லைன்னா இல்லைன்னு வரும்."

"எங்க அண்ணன் உங்களோட எப்படித்தான் காலம் தள்ளுறாரோ. காபியில சக்கரை கேட்டாக்கூட, இருந்தா இருக்கும்னுதான் சொல்வீங்க போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ வழுக்கியது. அதை மறைக்க இணைப்பைத் துண்டித்தாள் என்று சல்லடைக்குத் தெரிந்தது. அப்போதே மேலாளரிடம் போய், இப்படி ஒரு மாதிரி வந்திருக்கிறது, என் உறவு, நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லலாம் என்று இருந்தாள். நாளை என்பது சோம்பேறிகளின் பஞ்சாங்கத்தில் மட்டும் உள்ள கிழமை.

பிறகு ஒரு முற்பகல், அவள் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரையைத் திறந்தபோது, முந்தைய மாலையில் ஓடவிட்ட மாதிரிகளின் முடிவுகள் வந்திருந்தன. சல்லடையின் மேல் நின்றது ஒரே ஒரு மாற்றம். மாதிரியின் எண் நாலு ஒன்பது நாலு ஏழு. தசைநார்களைத் தாங்கிப் பிடிக்கிற புரதத்துக்கான மரபணுவுக்குள், அதுவும் பொருளுள்ள பகுதியின் நடுவில், ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றத்தால் புரதம் பாதியிலேயே நின்றுபோகும் என்று உரை சொன்னது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்த மரபணு இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் தாங்கும். ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. வளர வளரத் தசை கரையும். முதலில் ஓட்டம் போகும், பிறகு நடை போகும், அதன்பின் ஒவ்வொன்றாய்ப் போகும். பெரும்பாலும் தாயின் வழியாக வருவது. நாத்தனார் அதை எப்படிக் கேட்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். கேட்டபின் அவள் வாயாடியாக இருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

மேலாளர் விடியற்காலைப் பறவை. அவள் வருமுன்பே முடிவில் கையொப்பமிட்டு மருத்துவருக்கு அனுப்பிவிட்டிருந்தார். அன்று மாலை நான்கு மணிக்கு மருத்துவரைப் பார்க்கப் போவதாக நாத்தனார் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

சல்லடை கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டு வந்தாள். இருந்தால் இருக்கிறது என்று வரும் என்று சொன்னவள் அவள்தான். இருக்கிறதா என்றாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று, நிரலை விட்டுவிட்டுத் தரவுத்தளத்தின் பக்கத்தையே திறந்து, மாற்றம் விழுந்த இடத்தின் எண்ணைக் கொடுத்து அவ்விடத்துக்குப் போனாள்.

இயந்திரம் எழுதியிருந்தது: இவ்விடத்தில் பொதுவாக எல்லோருக்கும் இருக்கும் எழுத்து ஏ, இந்தப் பிள்ளையிடம் அது ஜி ஆக மாறியுள்ளது. தரவுத்தளம் காட்டியது: இவ்விடத்தில் எல்லோருக்கும் இருக்கும் எழுத்து சி.

அவள் எண்ணை மறுபடி சரிபார்த்தாள். அதே எண். அந்த மரபணு எதிர்த்திசையில் படிக்கப்படுவது. ஒருவேளை மறுபக்கத்து எழுத்தோ என்று திருப்பிப் பார்த்தாள். சி-க்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது எப்போதும் ஜி என்பதால், திருப்பினாலும் ஜி வந்ததேயன்றி ஏ வரவில்லை. பிள்ளைக்கு எழுத்து மாறியிருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான எழுத்து இயந்திரத்துக்கு ஒன்றாகவும் தரவுத்தளத்துக்கு ஒன்றாகவும் எப்படி இருக்க முடியும்?

மேலாளரின் அறைக்கு ஓடினாள்.

"சார், நாலு ஒம்பது நாலு ஏழு தப்பு. எழுத்துப் பொருந்தல."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த ஒண்ணை மட்டும் எதுக்குப் பாத்த?"

அவள் நின்றாள். பொய் சொல்லப் பழகாதவள். "என் நாத்தனார் பையன் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"உக்காரும்மா. இதை நீ தொட்டதே தப்பு, அதை அப்புறம் பேசிக்கலாம். இங்க இதுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. அவங்க அப்பாவோட முடிவு வந்துச்சு. மெஷின் தப்பு, மருந்து தப்பு, குழாய் தப்புன்னு ஒரு வாரம் நிரூபிச்சுக்கிட்டே இருந்தாரு. மனசு அப்படித்தான். இப்ப உன் கண்ணு தராசு இல்ல."

"எழுத்து சார். கண்ணு இல்ல, எழுத்து."

"அந்தப் புள்ளையோட எழுத்து. அதை வெச்சு நீ என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நம்பவும் கூடாது. போய் முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போ."

"ஏற்கெனவே கழுவிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கோபம் மூக்குக்கு மேல் நின்றது. தன் இருக்கைக்கு வந்து சேர்வதற்குள் அதில் பாதி இறங்கிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. உருண்டையின் வரியை வைத்து அவள் எதையும் மெய்ப்பிக்க முடியாது. தனக்கேகூட மெய்ப்பிக்க முடியாது. விரும்பியதையே காணும் கண்ணை அவள் பிறரிடம் பார்த்திருக்கிறாள். அப்படியானால், தனக்கு ஒட்டோ உறவோ இல்லாத மாதிரிகளைத்தான் கேட்க வேண்டும்.

உருண்டையின் மாதிரியைத் தனியே ஒதுக்கினாள். எச்சரிக்கைகளை அடைத்திருந்த அந்த வரியை அழித்தாள். மற்றவர்களின் மாதிரிகளை மறுபடி ஓடவிட்டாள்.

பதிப்பு கேட்கும் பழைய குட்டுகளுக்கு நடுவே திரை பிடுங்கிக்கொண்டு கொட்டியது. எழுத்துப் பொருந்தவில்லை. எழுத்துப் பொருந்தவில்லை. பொருந்தியது. எழுத்துப் பொருந்தவில்லை. எத்தனை நாள் அடக்கி வைத்த வாயோ, அத்தனை வேகமாகப் பேசியது. யாரோ ஒருவருடைய மாதிரியில் மட்டுமன்று, எல்லோருடையதிலும். ஏறத்தாழ நான்கில் மூன்று இடங்கள் பொருந்தவில்லை. அந்த விகிதத்தைக் கண்டதும் அவள் உட்கார்ந்த நிலையிலேயே நிமிர்ந்தாள். எழுத்துகள் நான்கே. கண்ணை மூடிக்கொண்டு எந்த இடத்தைத் தொட்டாலும் நான்கில் ஒன்று தற்செயலாகப் பொருந்தும். அப்படியென்றால் நிரல் கண்ணை மூடிக்கொண்டுதான் தொட்டிருக்கிறது.

இயந்திர அறைக் கதவைத் தள்ளினாள். ஆமை ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெஷின் எந்தப் பதிப்பை வெச்சுப் படிக்குது?"

"பழசைத்தான். ஏன் தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"புதுசுக்கு மாத்தலையா?"

"மாத்தணும்னு மூணு கூட்டத்துல பேசியாச்சு. நல்லாத்தான் பேசினோம். பேசி முடிச்சதும் டீ வந்துச்சு."

அவள் திரும்பி ஓடித் தரவுத்தளத்தின் முதற்பக்கத்தைத் திறந்தாள். தலைப்பிலேயே, தடித்த எழுத்தில், பிழையில்லாத நல்ல நடையில் அறிவித்திருந்தார்கள்: இந்த வாரம் முதல் புதிய பதிப்பே வழக்கத்துக்கு வருகிறது, பழைய பதிப்பு வேண்டுவோர் அதன் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கேட்கவும். எழுதியவர்கள் தம் கடமையைச் செய்திருந்தார்கள். படிக்க வேண்டியவர்கள்தாம் நிரலை அனுப்பிவிட்டுத் தாம் வெளியே நின்றுகொண்டார்கள். நிரலுக்கு முதற்பக்கம் தெரியாது. அது நேரே கொல்லைப்புறமாகப் போய்க் கேட்டதை வாங்கி வரும்.

நடந்தது இதுதான். மூலப் பனுவலில் முன்பு விடுபட்டுக் கிடந்த பகுதிகளை அறிஞர்கள் நிரப்பிப் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தார்கள். நடுவில் எழுத்துகள் சேர்ந்தபோது அதற்குப் பின்னுள்ள எல்லாவற்றுக்கும் இட எண் மாறிவிட்டது. ஆசிரியர் பக்க எண்ணைச் சொல்ல, பழைய புத்தகம் வைத்திருக்கும் மாணவன் ஒரு பாடத்தையும் புதிய புத்தகம் வைத்திருக்கும் மாணவன் வேறொரு பாடத்தையும் உரக்கப் படிப்பான் அல்லவா? அப்படியே இயந்திரம் பழைய புத்தகத்தின் பக்கத்தைச் சொல்லியது. தரவுத்தளம் புதிய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த வேறு ஏதோ பாடத்துக்கு உரை சொல்லியது. எந்தப் புத்தகம் என்று அது கேட்கத்தான் செய்தது. கேட்ட வாயில் துணியை அடைத்தது யார்?

அவள் பதிப்பின் பெயரை நிரலில் சேர்த்தாள். ஒதுக்கி வைத்ததைத் தொடாமல், மற்றவர்களின் மாதிரிகளை மட்டும் ஓடவிட்டாள். எழுத்துகள் எல்லாம் பொருந்தின. ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. இம்முறை அந்த அமைதி உண்மையான அமைதி.

மேலாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். அவர் நின்றபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இந்த வாரத்துக்கு முன்னாடி போனதெல்லாம்?"

"அப்ப ரெண்டு பக்கமும் பழசு சார். பொருந்தும். நேத்து ஓட்டினது மட்டும்தான்."

"எந்திரி" என்றார். "அந்தப் புள்ளையோடதை நான் ஓட்டுறேன். நீ பாக்காத."

அவள் எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் தீயணைக்கும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பயன்படுத்தும் முறையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டு வாசற்படியில் உருண்டை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்த காட்சி, பாதுகாப்பு ஊசியை இழுக்கவும் என்ற வரிக்கும் கைப்பிடியை அழுத்தவும் என்ற வரிக்கும் நடுவில் வந்து நின்றது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மேலாளர்.

அவள் திரும்பவில்லை.

"ரெண்டு மரபணுவுக்கு நடுவுல வெத்து நிலத்துல விழுது. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கிற மாத்தம். அந்தத் தசை மரபணுவை முழுசா ஒருதரம் பாத்துட்டேன். எழுத்து மாறல, துண்டு எதுவும் விடுபடல. சுத்தம். திரும்பு, சுவருக்கு வலிக்கும்."

திரும்பினாள். ஆமை எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் அவர் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"டாக்டருக்கு அனுப்பினது?" என்றாள்.

மேலாளர் அதற்குள் மேசைத் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மருத்துவமனை வரவேற்பில் யாரோ யாருக்கோ மாற்றினார்கள். அந்த ஆள் வேறு யாருக்கோ மாற்றினார். பிறகு இசை ஒலித்தது. அவசரத்தில் இருப்பவனுக்கு வீணை வாசித்துக் காட்டும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனைப் பிடித்து அதையே நாள் முழுவதும் கேட்க வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் சல்லடையின் கைப்பேசி அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, நாங்க வந்துட்டோம். நாலு மணிக்குத்தான் சொன்னாங்க, வீட்ல இருப்புக் கொள்ளல. இங்க கூட்டமே இல்ல. இப்பவே உள்ள வரச் சொல்றாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு."

முடிவைச் சொல்லவும் கூடாது. உள்ளே போகவும் விடக் கூடாது. சல்லடை மேலாளரைப் பார்த்தாள். அவர் காதில் இன்னும் வீணை. என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தாள். வாய் தானாகவே குடும்பத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்றை எடுத்து நீட்டியது.

"இரு. உன்னை ஒண்ணு கேக்கணும். போன வருஷம் ஊருக்குப் போறேன்னு எங்கிட்ட ஒரு சக்கரப் பெட்டி வாங்கிட்டுப் போனியே, அதுல ஒரு சக்கரம் எப்படி உடைஞ்சுது?"



"என்ன அண்ணி, இப்பப் போயி?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"நீங்க குடுக்கும்போதே அது ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆடுச்சு. உடையல. ஆடுறது வேற, உடையறது வேற."

"ஓகோ. இத்தனை நாள் மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்களா? பெட்டியை மாடியில இருந்து படிப்படியா உருட்டிக்கிட்டு வந்தது யாரு தெரியுமா? உங்க வீட்டுக்காரரு. எங்க அண்ணனாச்சேன்னு நான் வாயைத் திறக்கல."

"நீயா? வாயைத் திறக்கலையா? அவர் மேல பழியைப் போடாத."

"போடுவேன். நல்லாப் போடுவேன். ஏங்க, நீங்க முன்னாடி உள்ள போங்க, நான் அடுத்து வர்றேன். எனக்கு இங்க ஒரு பஞ்சாயத்து ஓடுது" என்று அவள் பக்கத்தில் காத்திருந்த யாரிடமோ சொல்வது கேட்டது. சல்லடை கண்களை மூடிக்கொண்டாள். தன் நாத்தனாருக்குச் சண்டையில் இருந்த நேர்மையான ஈடுபாட்டுக்காக அவள் அதுவரை ஒருநாளும் நன்றி பாராட்டியதில்லை.

"அப்ப அந்தப் பூட்டு? பெட்டியோட பூட்டுச் சாவி எங்க?" என்று அடுத்ததை எடுத்தாள்.

"சாவியை உங்க கையில குடுத்தேன். அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தீங்க. கையில கரண்டி."

"எந்தக் கரண்டி?"

"கரண்டியில என்ன எந்தக் கரண்டி?"

வீணை நின்றது. மேலாளர் எழுந்து நின்றே பேசினார். மாணவன் எழுந்து நிற்பதைப் போல. "ஆமா டாக்டர். எங்க தப்புதான். இல்ல, அந்தப் பையனோட தசை மரபணுவுல மாத்தம் இல்லவே இல்ல. திருத்தினதை இப்பவே அனுப்புறேன்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். காது சிவந்தது. மருத்துவர் பேசியது அறை முழுவதும் கேட்டது. "திறந்து வெச்சிருக்கேன் சார். என் கண்ணு முன்னாடி இருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல அந்தம்மாகிட்ட இதைச் சொல்லியிருப்பேன். சொன்னதுக்கப்புறம் திருத்தி என்ன பண்றது? ஒரு தாய்கிட்ட சொன்னதை அழிக்க உங்ககிட்ட ரப்பர் இருக்கா?" மேலாளரிடம் ரப்பர் இல்லை. அவர் அதை ஒப்புக்கொண்டார்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சல்லடையைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"சரி, நீ உள்ள போ" என்றாள் அவள்.

"பஞ்சாயத்து முடியல."

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். அங்க வெச்சு முடிச்சுக்கலாம். போ, டாக்டரைக் காக்க வைக்காத."

கைப்பேசியை வைத்தபின் மேசையில் தலைகவிழ்ந்து அழுதாள். ஆமை பக்கத்தில் நின்று, தண்ணீர்க் கோப்பை சுத்தமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நீட்டினார்.

வேலை அத்தோடு முடியவில்லை. முந்தைய மாலையின் மாதிரிகள் அனைத்தையும் மேலாளரும் அவளும் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று காலையில் போன ஒரு கைக்குழந்தையின் முடிவில் இப்போது ஒன்று இருந்தது. யாருடைய குழந்தை என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. ஒரு வீட்டின் வாசலிலிருந்து இறங்கிய கவலை இன்னொரு வீட்டின் படியேறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மருந்து இருக்கும்மா" என்றார் மேலாளர். "சீக்கிரம் தொடங்கினா கேக்கும். ஒண்ணுமில்லைன்னு நம்பி வீட்ல வெச்சிருந்தா அதான் ஆபத்து. நாம கண்டுபிடிச்சது நல்லதுதான்." அந்த மருத்துவரையும் அவரே தொலைபேசியில் அழைத்தார். மறுபடியும் எழுந்து நின்றே பேசினார். அன்று மாலை, வாயை மூடச் சொன்னது நான் என்று மேலிடத்துக்கு அவரே எழுதினார். எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் இருந்த கோபத்தை விட்டுவிடலாம்.

நாத்தனாரின் வீடு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. சல்லடை படியேறிப் போய்க் கதவைத் தட்டுமுன் கதவு திறந்தது.

"இல்லையாம் அண்ணி" என்றாள் நாத்தனார். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, "அந்தத் தசை வியாதி இல்லையாம். காய்ச்சல்ல வந்ததாம். ரத்தத்துல ஏறினதும் இறங்கிக்கிட்டே இருக்காம். கால்ல பலம் வரக் கொஞ்ச நாள் ஆகுமாம். அவ்வளவுதானாம்."

"நல்லது" என்றாள் சல்லடை.

"ஆய்வகத்துல இருந்து முதல்ல தப்பா அனுப்பிட்டாங்களாம், அப்புறம் திருத்தி அனுப்பினாங்களாம். டாக்டரே சொன்னாரு. எவ தப்பா அனுப்பினாளோ, அவ கையில மட்டும் நான் சிக்கியிருந்தா…" நாத்தனார் நிறுத்தினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான். தப்பு பண்ணினதும் நான், பிடிச்சதும் நான்."

"அதுக்குத்தான் பெட்டியா?"

"அதுக்குத்தான்."

நாத்தனார் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "உங்களை என்ன பண்றதுன்னே தெரியல அண்ணி. கொல்றதா, கால்ல விழறதா?"

"ரெண்டும் வேண்டாம். உள்ள விடு. மூணு மாடி ஏறி வந்திருக்கேன்."

"ஆனா சக்கரம் அண்ணன்தான்."

"சக்கரம் நீதான். அது வேற வழக்கு."

உள்ளே கூடத்தில் உருண்டை மெத்தையிருக்கையின் கைப்பிடிமேல் ஏறி நின்றிருந்தான். அத்தை வந்ததைப் பார்த்ததும் இரு கைகளையும் விரித்துக் குதித்தான். கால் மடங்கித் தரையில் பொத்தென்று விழுந்தான். சல்லடை பதறி ஓரடி முன்னே வைத்தாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வீட்டில் பல நாளாக அவன் விழுந்த ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தூக்கியவள் அவள்தான்.

"விடுங்க அண்ணி. புள்ளைன்னா விழத்தான் செய்யும்" என்றாள்.

உருண்டை தரையில் கிடந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் வராததில் அவனுக்குச் சிறிது ஏமாற்றம். ஒரு கையை ஊன்றினான். முழங்காலை மடக்கினான். எழுந்து, மறுபடி கைப்பிடிமேல் ஏறத் தொடங்கினான்.